ஊட்டிக் குளிரில் முகம் உரிகிறது, எரிகிறது: என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 34 வயது. சொந்த ஊர் திருநெல்வேலி. போன ஜூனில் ஊட்டியில் ஒரு பள்ளிக்கு ஆசிரியையாக வந்தேன். மழைக்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. டிசம்பர் பிறந்ததிலிருந்து முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிறது. கன்னம் சொரசொரவென்று வெள்ளையாக உரிகிறது. மூக்கின் இரு ஓரங்களும் சிவந்து, செதில் செதிலாக வருகிறது. தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன், இரவில் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். பலன் இல்லை. உடன் வேலை பார்ப்பவர் சொன்னார் என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன். இரண்டே நாளில் முகம் பளபளவென்று ஆகிவிட்டது. நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக எரிகிறது. மூன்று வாரமாக விட்டு விட்டுப் போடுகிறேன். தொடரலாமா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த க்ரீமைத் தொடர வேண்டாம். இரண்டு நாளில் பளபளப்பு, நிறுத்தினால் எரிச்சல் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததுமே அதில் ஸ்டீராய்டு இருக்கும் என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டாசோன், ஃபுளூசினோலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு க்ரீம்தான். கரப்பான் போன்ற தோல் நோய்களுக்கு, மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நாட்கள் வரை போட்டால் அது நல்ல மருந்து. அழகு க்ரீமைப் போல முகத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் தோல் மெலியும், சிறு ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், பரு வரும், முடி வளரும். வெயிலில் நின்றாலே முகம் எரியும். இதையெல்லாம் சொல்லி உங்களைப் பயமுறுத்த வேண்டும் என்பதில்லை. மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது, தோல் மீண்டுவிடும். நிறுத்திய பிறகு சில நாட்கள் சிவப்பும் எரிச்சலும் கூடலாம். அந்தச் சமயத்தில் பொறுக்க முடியாமல் மறுபடி அதே ட்யூபை எடுத்துவிடாதீர்கள். அப்படித்தான் மூன்று வாரம் மூன்று வருடமாகிறது.

சரி, முகம் ஏன் இப்படி ஆனது என்று பார்ப்போம்.

நம் மேல்தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த செல்கள்தான் செங்கற்கள். அவற்றுக்கு இடையே இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சாந்து. உடம்பின் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடாமல் காப்பது இந்தச் சாந்துதான். சாந்து உதிர்ந்தால் உள்ளே எவ்வளவு ஈரம் இருந்தாலும் கசிந்துபோகும். உங்கள் முகத்துக்குத் தண்ணீர் போதவில்லை என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் தண்ணீர் தங்கவில்லை, அதுதான் பிரச்சினை. அதனால்தான் மூன்று லிட்டர் குடித்தும் கன்னம் உரிகிறது. தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள், போதும். தோலுக்காக என்று வயிற்றை நிரப்ப வேண்டியதில்லை.

ஜூன் முதல் நவம்பர் வரை ஊட்டியில் மழையும் மூடுபனியும் மாறி மாறி இருக்கும், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். டிசம்பர் பிறந்ததும் வானம் வெளுத்துவிடும். தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்வெளி மீது உறைபனி வெள்ளை விரித்தாற்போலக் கிடக்கும். குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. 5 டிகிரி குளிரில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 7 கிராம் அளவு நீராவியைத்தான் வைத்திருக்கும். அதே காற்று உங்கள் அறைக்குள் வந்து, ஹீட்டர் சூட்டில் 22 டிகிரி ஆகிறது என்று வையுங்கள். இப்போது அதற்கு 19 கிராம் கொள்ளும் இடம் இருக்கிறது, கையில் இருப்பதோ 7. மீதியை அது எங்கிருந்தாவது எடுக்கத்தானே பார்க்கும்? உங்கள் கன்னத்திலிருந்தும் உதட்டிலிருந்தும் எடுக்கிறது. வெளியே பட்ட குளிரைவிட, உள்ளே ஹீட்டர் முன்னால் உட்கார்ந்த இரண்டு மணி நேரம்தான் பலருக்கு முகத்தைக் காயவைக்கிறது.

ஹீட்டரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அந்தக் குளிரில் அது முடியாது. முகத்துக்கு நேரே வைக்காமல் காலுக்குத் தள்ளி வையுங்கள். அறை கதகதப்பானதும் அணைத்துவிட்டுப் போர்வைக்குள் போய்விடுங்கள். இதோடு சேர்த்து, தோலுக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மலைக்குப் புதிதாக வருபவர்கள் சிலர் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தயவுசெய்து அதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

அடுத்தது குளியல். குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று ஆவி பறக்கும் வெந்நீரை முகத்தில் ஊற்றிக்கொள்வோம். சுடுநீரில் எண்ணெய்ப் பாத்திரம் எளிதாகக் கழுவப்படுகிறது அல்லவா, முகத்துச் சாந்தும் அப்படித்தான் போகிறது. கூடவே சோப்பு. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஹெச் 5 அளவில் இருக்கும். சாதாரணக் கட்டி சோப்பு 9, 10 என்று காரப்பக்கம் நிற்கும். உடம்புக்கு எப்படியோ, முகத்துக்கு இந்த மூன்று மாதம் அது வேண்டாம். காலையில் வெறும் வெதுவெதுப்பான நீர் போதும். இரவில் மட்டும் நுரை அதிகம் வராத, வாசனை இல்லாத ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுங்கள். கடலை மாவும் பயத்த மாவும் திருநெல்வேலி வெயிலில் வழியும் எண்ணெயை எடுக்கச் சரியாக இருக்கும். எடுக்க எண்ணெயே இல்லாத முகத்தில் அதைத் தேய்த்தால் இருப்பதும் போய்விடும். எலுமிச்சைச் சாறு எந்தக் காலத்திலும் முகத்துக்கு வேண்டாம்.

எந்த க்ரீம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். கம்பெனிப் பெயர் எனக்கு முக்கியமில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதே முக்கியம். ஈரத்தைப் பிடித்து வைக்க கிளிசரின், உதிர்ந்த சாந்தை நிரப்ப செராமைடு, மேலே மூடிபோல நின்று ஈரம் போகாமல் தடுக்க பெட்ரோலியம் ஜெல்லி. இவை இருக்கும், வாசனை சேர்க்காத, கெட்டியான க்ரீமாக வாங்குங்கள். பாட்டிலில் வழிந்தோடும் லோஷன் ஊட்டி ஜனவரிக்குப் போதாது. ஹயலுரானிக் அமில சீரம் என்று இப்போது நிறைய விற்கிறார்கள். அதுவும் நீரைப் பிடிக்கும் பொருள்தான், ஆனால் வறண்ட காற்றில் அதை மட்டும் போட்டு மேலே மூடாமல் விட்டால் பயன் குறைவு. விலை கொடுக்க முடியாதவர்களுக்கு நான் எழுதித் தருவது சாதாரண வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லிதான். ஈரம் கசிவதைத் தடுப்பதில் அதற்கு ஈடு சொல்ல அதிகம் இல்லை. பரு வரும் முகமாக இருந்தால் கன்னத்தோடும் உதட்டோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

போடும் நேரத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். முகத்தை நன்றாகத் துடைத்து, தலை வாரி, புடவை கட்டி, கடைசியில் க்ரீமை எடுப்பார்கள். அதற்குள் ஈரம் பறந்திருக்கும். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். லேசான ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் க்ரீம் முகத்தில் இருக்க வேண்டும். குளியலறையிலேயே டப்பாவை வைத்துக்கொள்வது நல்லது. ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்கு ட்யூபிலிருந்து பிதுக்கினால் அது ஓர் அளவு. முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படி இரண்டரை அளவு வேண்டும். பொட்டு வைப்பதுபோலத் தொட்டுப் போட்டால் பலன் தெரியாது. முதல் சில நாட்கள் நல்ல க்ரீம்கூடச் சற்று எரியும், விரிசல் விட்ட தோல் அப்படித்தான். ஒரு நிமிடத்தில் அடங்கினால் தொடருங்கள். அடங்காமல் சிவந்து தடித்தால் நிறுத்திவிடுங்கள்.

மூக்கோரத்துச் செதில்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கன்னம் உரிவது வறட்சி. மூக்கின் ஓரம், புருவம், காதின் பின்புறம் ஆகிய இடங்களில் சிவந்து செதில் வந்தால் அது பெரும்பாலும் செபோரிக் டெர்மடைட்டிஸ், அதாவது தலையில் வரும் பொடுகு முகத்துக்கு இறங்கி வந்தது போன்ற ஒன்று. உங்களுக்குப் பொடுகு உண்டா என்று எழுதவில்லை. எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட் இதில் பங்கு வகிக்கிறது. அதற்கு எண்ணெய்தான் உணவு. வறட்சி என்று நினைத்து இரவெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவினால் அதற்குச் சாப்பாடு போட்டது போலாகிவிடும். கை கால் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் நன்றாகவே உதவும், அதை நான் குறை சொல்லவில்லை. மூக்கோரத்துக்கு மட்டும் வேண்டாம். பரிசோதித்து இதுதான் என்று உறுதியானால் கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்பு க்ரீமில் சில வாரங்களில் அடங்கிவிடும். நீங்களாக வாங்க வேண்டாம். அதே பெயரில் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களும் கடையில் இருக்கின்றன.

வெயிலை மறந்துவிடாதீர்கள். குளிரில் வெயில் சுகமாக இருப்பதால், இடைவேளையில் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்பீர்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். சூடு தெரியாது, ஆனால் முகம் கருக்கும். காலை க்ரீமுக்கு மேல் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போடுங்கள், தொப்பியோ குடையோ இருந்தால் இன்னும் நல்லது. உதட்டை நாக்கால் ஈரப்படுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எச்சில் காயும்போது இன்னும் வெடிக்கும்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் குறையாவிட்டாலும், நீர் கசிந்தாலும், இரவில் தூங்க விடாமல் அரித்தாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். முகத்தோடு உடம்பு முழுக்கத் தோல் காய்ந்து, மற்றவர்களைவிட உங்களுக்குக் குளிர் அதிகமாகத் தெரிந்து, அசதி, மலச்சிக்கல், எடை கூடுதல், முடி உதிர்தல் என்று இருந்தால் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். உங்கள் வயதுப் பெண்களிடம் இது சாதாரணமாகக் காணப்படுகிறது, ஊட்டிக் குளிர் மேல் பழியைப் போட்டுக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

மருத்துவரிடம் போகும்போது மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய அந்த ட்யூபைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன போட்டீர்கள், எத்தனை நாள் போட்டீர்கள் என்பதை வைத்துத்தான் அவர் அடுத்த மருந்தை முடிவு செய்வார். திட்டுவாரோ என்று தயங்கி மறைத்துவிடாதீர்கள்.