எரிமலை மேல நின்னு காத்தை அளந்தா கணக்கு சரியா வருமா?

கேள்வி: உலகத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுதுங்கிற கணக்கே ஹவாய்ல மவுனா லோவா எரிமலை மேல எடுத்ததாமே? எரிமலையே அந்த கேஸை விடுமே, எப்படி நம்பறது? (வாசகி, கரூர்)

பதில்: கேக்க வேண்டிய கேள்விதாங்க. காத்தை அளக்கற ஸ்டேஷன் இருக்கறது 3,397 மீட்டர் உயரத்துல, வடக்கு சரிவுல, சுத்தி வெறும் கருப்பு லாவா பாறை, அதைத் தாண்டினா பசிபிக் கடல். உச்சியில இருக்கற வெடிப்புலருந்து கேஸ் கசியறது நிஜம்தான், ஆனா ராத்திரி மலை குளிர்ந்து காத்து கீழ இறங்கறப்போதான் அது கருவிகிட்ட வரும், வந்தா ரீடிங் நிமிஷத்துக்கு நிமிஷம் குதிக்கும், கடல் மேல நல்லா கலந்து வர்ற காத்துன்னா மணிக்கணக்கா ஆடாம நிக்கும். குதிச்ச ரீடிங்கை சராசரியில சேக்கறதில்ல. பகல்ல கீழருந்து ஏறி வர்ற காத்துல காட்டு மரங்க கொஞ்சம் உறிஞ்சிருக்கும், அதையும் ஒதுக்கிடறாங்க. சார்லஸ் கீலிங்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி 1958 மார்ச்ல இங்க அளக்க ஆரம்பிச்சப்போ 313 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல இத்தனை பங்குன்னு அர்த்தம்), 2025 மே மாசம் 430ஐ தாண்டிடுச்சு. தென் துருவத்துல அளந்தாலும் இதே ஏத்தம்தான், அங்க பக்கத்துல எரிமலையே கிடையாது!

கேள்வி: மெஷினே தப்பா காட்டினா? (வாசகர், காரைக்கால்)

பதில்: அளவு ஏற்கனவே தெரிஞ்ச கேஸை சிலிண்டர்ல வச்சிருப்பாங்க, அடிக்கடி அதை உள்ள விட்டு மெஷின் சரியா சொல்லுதான்னு பாப்பாங்க. அதுபோக கண்ணாடி குடுவையில காத்தை புடிச்சு லேபுக்கு அனுப்பறதும் உண்டு. அதை புடிக்கறவர் மூச்சை அடக்கிக்கிட்டு, காத்து வர்ற திசையைப் பாத்து நடந்து போய்தான் மூடியை திறக்கணும், ஏன்னா நாம விடற மூச்சுல கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம், கொஞ்சம் கலந்தாலும் அந்த குடுவை வேஸ்ட்.

கேள்வி: 2022ல அந்த மலை வெடிச்சுதே, அப்போ என்ன பண்ணாங்க? (வாசகர், தேனி)

பதில்: நவம்பர் 27 ராத்திரி வெடிச்சுது, மறுநாளே லாவா ஓடி வந்து ரோட்டையும் கரண்ட் லைனையும் சேத்து அறுத்துடுச்சு. ஸ்டேஷனுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா கரண்ட் இல்லாம கருவி எப்படி ஓடும்? எதிர்ல இருக்கற மவுனா கியா மலையில, டெலஸ்கோப் கட்டடத்துல தற்காலிகமா கருவி வச்சு டிசம்பர்லயே அளக்க ஆரம்பிச்சுட்டாங்க. இத்தனை வருஷ வரிசையில விழுந்த ஓட்டை சில நாள்தான். இதைவிட பெரிய ஓட்டை 1964ல விழுந்துது, அதுக்கு லாவா காரணமில்ல, பட்ஜெட்ல கைவச்சதுதான்.