குண்டடி பட்டு வீடு திரும்பியவர்களுக்கு என்ன சிகிச்சை, யார் செலவு? ஒரு ட்ராமா நர்ஸின் பதில்கள்

சிகாகோவில் ட்ராமா வார்டு (பலத்த காயம் பட்டவர்களைப் பார்க்கும் பிரிவு) நர்ஸாக வேலை பார்க்கிறேன். துப்பாக்கிச் சூட்டில் பிழைத்தவர்கள் டிஸ்சார்ஜ் ஆன பிறகு என்ன ஆகிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் சொல்வது அமெரிக்க நிலவரம். அதிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

சிஸ்டர், காசு இல்லாவிட்டாலும் எமர்ஜென்சியில் பார்த்தே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறதே. அப்புறம் என்ன அநியாயம்? (நியூ ஜெர்சி)

இருக்கிறது, 1986 முதல். ஆனால் நோயாளியின் நிலைமை சீராகும் வரைதான் அந்தச் சட்டம் பேசும். அதற்குப் பிறகு தையல் பிரிப்பது, எலும்பு டாக்டர், பிசியோதெரபி எதுவும் அதில் வராது.

வயிற்றில் குண்டு பட்டவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். குடல் கிழிந்திருந்தால் சிலருக்கு மலம் வெளியேற வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டி அனுப்புவோம். சில மாதம் கழித்துக் குடலைத் திரும்ப இணைத்துப் பையை எடுத்துவிடலாம். ஆனால் அது தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன், அவசரக் கணக்கில் வராது. காப்பீடு இல்லையென்றால் முன்பணம் கேட்பார்கள். இருபது வயசுப் பையன் சட்டைக்குள் பையை மறைத்துக்கொண்டு வேலை தேடி அலைவான். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் வருமானம் குறைந்த பெரியவர்களுக்கு மெடிக்கெய்ட், அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, உண்டு. டெக்சஸிலும் புளோரிடாவிலும் அதை விரிவாக்கவில்லை. அங்கே பிள்ளை குட்டி இல்லாத, ஊனம் என்று சான்று பெறாத ஆள் எவ்வளவு ஏழையானாலும் பெரும்பாலும் கிடைக்காது. ஒரே காயம்தான், எந்த மாநிலத்தில் பட்டது என்பதைப் பொறுத்து வேறு வேறு வாழ்க்கை.

நானும் டாக்டர்தான். அப்பாயின்ட்மென்ட் கொடுத்தால் பாதிப் பேர் வருவதில்லை. அதற்கும் நாங்களா பொறுப்பு? (ஹூஸ்டன்)

கோபம் புரிகிறது டாக்டர். ஆனால் எங்கள் வார்டில் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். சுடப்பட்டவரின் சட்டை, செருப்பு, போன் எல்லாம் பல நேரம் போலீஸ் கைக்குப் போய்விடும், சாட்சியப் பொருள் என்று. உங்கள் கிளினிக் நினைவூட்ட அழைப்பது அந்த போனுக்குத்தான். சுட்டவன் அதே தெருவில் இருப்பான் என்பதால் பையனை அத்தை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், கடிதமோ பழைய விலாசத்துக்குப் போகும். கிளினிக்குக்குப் பஸ் போகும் வழி அவன் கால் வைக்கவே பயப்படும் பகுதியாக இருக்கும். இத்தனைக்கும் பிறகு ரெக்கார்டில் ஏறுவது 'நோ ஷோ' (ஆள் வரவில்லை) என்ற இரண்டே வார்த்தை.

தூரமும் ஒரு காரணம். சிகாகோவின் தெற்குப் பகுதியில் துப்பாக்கிச் சூடு அதிகம். அங்கே பெரியவர்களுக்கான முதல்நிலை ட்ராமா மையம் பல வருடமாக இல்லாமலே இருந்தது. 2010இல் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர், பக்கத்திலேயே சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனை இருந்தும், நகரின் மறுபக்கம் கொண்டுபோகப்பட்டு இறந்தார். அவருடைய நண்பர்கள் தொடங்கிய போராட்டம் பல வருடம் நடந்த பிறகு, 2018 மே மாதம் அந்த மருத்துவமனையில் மையம் திறந்தது. தூரத்தில் ஆபரேஷன் நடந்தால் கட்டு மாற்றவும் அதே தூரம்தானே போகவேண்டும்?

மெடிக்கெய்ட் இருந்தால் மருத்துவமனைக்குப் போய்வர வண்டி ஏற்பாடு செய்வது மாநிலத்தின் கடமை. பலருக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்தாலும் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும், போன் இல்லாதவன் எப்படிச் செய்வான்? நான் டிஸ்சார்ஜ் தாளில் அம்மா நம்பர், அத்தை நம்பர் இரண்டையும் வாங்கி எழுதாமல் ஆளை அனுப்புவதில்லை.

குண்டை எடுக்காமலே என் நண்பனை அனுப்பிவிட்டார்கள். காசு இல்லை என்பதாலா அக்கா? (டிட்ராய்ட்)

பெரும்பாலும் அதனால் இல்லை தம்பி. தோண்டி எடுத்தால் சேதம் கூடும் என்றால் விட்டுவிடுவதுதான் முறை, சினிமாவில்தான் குண்டைக் கிண்ணத்தில் 'டிங்' என்று போடுவார்கள். ஆனால் மூட்டுக்குள் இருந்தால் கதையே வேறு. மூட்டுத் திரவத்தில் ஈயம் கரைந்து ரத்தத்தில் கலக்கும், அதனால் அதை எடுப்பதுதான் நல்லது. வேறு இடத்தில் இருந்தாலும் வருடங்கள் கழித்துக்கூட ஈய அளவு ஏறலாம். காரணம் தெரியாத வயிற்றுவலி, சோர்வு, ரத்தசோகை வந்தால் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி நண்பர் தானே கேட்கவேண்டும். எக்ஸ்ரே நகல் ஒன்று கையில் இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் உள்ளே குண்டு இருப்பதை மறக்காமல் சொல்லவேண்டும்.

மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். வேறு ஏதாவது கவனிக்கவேண்டுமா? (செயின்ட் லூயிஸ்)

தடுப்பூசி. மண்ணீரல் இல்லாவிட்டால் சில கிருமிகளோடு உடம்பு போராடுவது கஷ்டம். நிமோகாக்கஸ், மெனிஞ்ஜோகாக்கஸ், ஹிப் என்ற மூன்று கிருமிகளுக்கும் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள், சிலவற்றுக்கு அடுத்தடுத்த டோஸ் உண்டு. காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே எமர்ஜென்சி.

என் தம்பிக்கு கேஸ் ஸ்டேஷனில் (பெட்ரோல் பங்க்) இரவு வேலை. கொள்ளையடிக்க வந்தவன் சுட்டுவிட்டான். பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. (அட்லாண்டா)

முதலில் கிரெடிட் கார்டில் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் அது மருத்துவக் கடன் என்பது போய் சாதாரணக் கடனாகிவிடும். வேலை நேரத்தில் நடந்ததால் தொழிலாளர் இழப்பீடு கேட்கலாம். விசா நிலை சரியில்லையென்றாலும் பல மாநிலங்களில் அந்த உரிமை உண்டு. முதலாளி வேண்டாம் என்று சொன்னால் வக்கீலைப் பாருங்கள்.

அடுத்து, லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் கட்டணச் சலுகைத் திட்டம் இருந்தே ஆகவேண்டும். டிஸ்சார்ஜுக்குப் பின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது மத்திய விதி.

மூன்றாவது, குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் நிதி. எல்லா மாநிலத்திலும் உண்டு, இல்லினாயில் 45,000 டாலர் வரை. மற்ற வழியெல்லாம் முடிந்த பிறகுதான் இது தரும். எனக்கு இதில்தான் எரிச்சல். போலீஸோடு ஒத்துழைக்கவில்லை, இவர் மேலும் தப்பு இருக்கிறது என்று சொல்லி மறுக்க விதியில் இடம் இருக்கிறது. பழிவாங்குவார்களே என்று வாய் திறக்காத பையனுக்குப் பிசியோதெரபி வேண்டாமா? மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள், கடைசித் தேதியைக் கவனியுங்கள்.

தூக்கமே இல்லை, பட்டாசுச் சத்தம் கேட்டாலும் நடுங்குகிறான். (ஓக்லண்ட்)

அதுவும் காயம்தான், அதற்கும் சிகிச்சை உண்டு. உங்கள் ஊரிலேயே, முன்பு வன்முறையில் சிக்கி மீண்டவர்கள் படுக்கைக்கே வந்து பேசும் திட்டம் 1994இல் தொடங்கியது. சான்பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் 2001 முதல் மனநலச் சிகிச்சையையும் வழக்கு, வீடு போன்ற உதவிகளையும் ஒரே இடத்தில் தரும் மையம் இருக்கிறது. வெள்ளை கோட்டைப் பார்த்து வாய் திறக்காதவன், அப்படி மீண்டு வந்தவர்களிடம் பேசுவதை நானே பார்த்திருக்கிறேன். 2021இல் இல்லினாயும் கனெக்டிகட்டும் இந்த வேலைக்கு மெடிக்கெய்ட் பணம் தர வழிசெய்யும் சட்டம் போட்டன.

காயம் ஆறிவிட்டது, ஆனால் கை நெருப்பாய் எரிகிறதாம். மாத்திரைக்காக நடிக்கிறான் என்கிறார் டாக்டர். (மெம்பிஸ்)

நரம்பில் அடிபட்டால் அப்படித்தான் எரியும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே, 1860களில், குண்டடி பட்ட சிப்பாய்களிடம் டாக்டர்கள் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். கறுப்பின நோயாளிகளின் வலியைக் குறைத்து மதிப்பிடுவதும் பல ஆய்வுகளில் பதிவான விஷயம். நரம்பு வலிக்குத் தனி மருந்துகள் இருக்கின்றன, பெரும்பாலும் ஓபியாய்டு வகை (அடிமையாக்கக்கூடிய வலி மாத்திரைகள்) தேவைப்படாது. நரம்பு நிபுணருக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், கேட்டதையும் மறுத்த காரணத்தையும் சார்ட்டில், அதாவது நோயாளியின் பதிவேட்டில், எழுதச் சொல்லுங்கள். பாதி நேரம் பேனாவை எடுத்ததும் மனசு மாறிவிடும்.