பெடல் தரைக்குப் போகிறதா, கல்லாக நிற்கிறதா? ட்ராக் டே பிரேக் கேள்விகள்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ ட்ராக் டே (சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) நடந்து முடிந்தால், அடுத்த வாரம் வரும் கேள்விகள் பெரும்பாலும் பிரேக்கைப் பற்றித்தான் இருக்கும். கேட்பவர்கள் எல்லோரும் தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் காரையே வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ட்ராக்குக்குக் கொண்டு வருபவர்கள். பதில்களும் அந்தக் கார்களுக்குத்தான். ரேஸ் காரின் கணக்கு வேறு.

போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். ஊருக்குள் பிரேக் கச்சிதமாகப் பிடிக்கிறது. ட்ராக்கில் நாலாவது லேப்பில் பெடல் கொழகொழவென்று ஆகி, தரை வரைக்கும் போய்விட்டது. பிக் பிரேக் கிட் (பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் கொண்ட செட்) போட்டால் சரியாகுமா? (சேலம்)

கிட் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் காரில் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆயில் கொதித்தால் லைனுக்குள் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும், பிஸ்டனால் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட் சூடாகிக் கைவிட்டால் அறிகுறி நேர்மாறாக இருக்கும். பெடல் கல் மாதிரி உறுதியாக நிற்கும், எவ்வளவு அழுத்தினாலும் கார் மட்டும் நிற்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பார்ட்ஸ் வாங்கப் போனால் காசு வீண். உங்களுடையது முதல் வகை.

ஊருக்குள் வராத தொந்தரவு ட்ராக்கில் மட்டும் ஏன் வருகிறது? ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 50 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தினால் பிரேக் விழுங்கும் ஆற்றல் சுமார் 1.15 லட்சம் ஜூல். நேர்ச்சாலை முடிவில் 150-லிருந்து 70-க்குக் குறைத்தால் சுமார் 8 லட்சம் ஜூல், அதாவது ஏழு மடங்கு. இதில் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது, முன் டிஸ்க் இரண்டும் சேர்ந்து 11 கிலோ என்று கொண்டால், அந்த ஒரே மிதியில் டிஸ்க்கின் வெப்பம் 100 டிகிரிக்கு மேல் ஏறும். ஊருக்குள் ஏறுவது 15 டிகிரி அளவுதான். ஏறிய சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். இப்படி நாலு லேப் ஓடினால் டிஸ்க்கின் சூடு பேட் வழியாக, பிஸ்டன் வழியாக ஆயிலுக்குள் இறங்கும்.

உங்கள் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. அதை மாற்றிவிட்டு அடுத்த ட்ராக் டேக்குப் போங்கள். கிட் வாங்கலாமா என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

பிரேக் ஆயிலில் டாட் 4 தரம் போதுமா, 5.1 போடலாமா? என் மெக்கானிக் "டாட் 5 போடுங்க சார், அதுதான் டாப்" என்கிறார். (மதுரை)

டாட் 5 வேண்டவே வேண்டாம். அது சிலிக்கோன். 3, 4, 5.1 மூன்றும் கிளைகால் (glycol) என்ற வேறு ரசாயன வகை, அவற்றோடு சிலிக்கோன் கலக்காது. ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காருக்கும் அது பொருந்தாது. எண் பெரிதானால் சரக்கு உசத்தி என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது.

டாட் 4-க்குத் தர விதிப்படி குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, 5.1-க்கு 260. இதெல்லாம் புது டப்பா திறந்தபோது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் டாட் 4-க்கு விதி கேட்பது வெறும் 155 டிகிரி, 5.1-க்கு 180. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மூன்று வருடம் மாற்றாமல் ஓடிய ஆயிலின் கதியை நீங்களே ஊகிக்கலாம்.

ட்ராக்குக்கு நான் சொல்வது மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ரேஸிங் டாட் 4. புதிதாக இருக்கும்போது 300 டிகிரியைத் தாண்டும். ஆனால் அதைப் போட்டுவிட்டு இரண்டு வருடம் மறந்துவிடக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவையாவது, முடிந்தால் ஒவ்வொரு ட்ராக் டேக்கு முன்பும், நாலு சக்கரத்திலும் பழசை வெளியேற்றி ஏர் எடுக்க (லைனில் உள்ள காற்றை வெளியேற்ற) வேண்டும். திறந்த டப்பாவில் மிச்சம் இருப்பதை அடுத்த முறைக்கு எடுத்து வைக்காதீர்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் சில கார்களில் ஸ்கேனர் இல்லாமல் ஏர் எடுக்க முடியாது. அதனால் ரிசர்வாயர் காலியாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐ20 என் லைன். ஆபீஸுக்கும் ட்ராக்குக்கும் ஒரே பேட் வேண்டும். சத்தம் போடக் கூடாது, தூசி வரக் கூடாது, மழையில் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும், ட்ராக்கிலும் தாங்க வேண்டும். (சென்னை)

இந்த நாலும் ஒன்றாக உள்ள பேட்டை யாராவது விற்றால் எனக்கும் ஒரு செட் சொல்லுங்கள்!

அசல் ரேஸ் பேட் நன்றாகச் சூடேறிய பிறகுதான் பிடிக்கும். காலையில் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி முதல் சிக்னலில் மிதித்தால் அது வழுக்கிக்கொண்டு போகும், டிஸ்க்கையும் அரைக்கும். மழைநாளில் அதை நம்பிக் குழந்தையைப் பள்ளிக்குக் கூட்டிப்போக நான் சொல்ல மாட்டேன். கம்பெனி பேட்டோ குளிரிலும் பிடிக்கும், சத்தமும் இல்லை, ஆனால் ட்ராக் சூட்டில் கைவிடும். இடைப்பட்டவை என்றால் ஃபெரோடோ டிஎஸ்2500, இபிசி எல்லோஸ்டஃப் போன்றவை. தினசரி ஓட்டத்துக்கு ஒத்துவரும், பத்துப் பதினைந்து நிமிட செஷனையும் தாங்கும். கொஞ்சம் கீச்சிடும், வீல் கறுக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். உங்கள் காலிப்பருக்கான அளவு கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பேட்டின் விளிம்பில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எஃப்இ என்று இருந்தால் சூட்டில் பிடி குறைகிறது என்று அர்த்தம். அந்தச் சோதனை சுமார் 340 டிகிரியோடு நின்றுவிடுவதால் ட்ராக் சூட்டுக்கு அதை முழுதாக நம்ப முடியாது. மட்டமானதைக் கழித்துக்கட்ட உதவும், அவ்வளவுதான்.

புது பேட் மாட்டிய கையோடு ட்ராக்குக்கு வராதீர்கள். முதல் கடும் சூட்டில் அதிலுள்ள பிசின் ஆவியாகி, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் வாயுப் படலமாக நிற்கும். பெடல் உறுதியாக இருக்கும், பிரேக் இருக்காது. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 80-லிருந்து 20 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்துத் தடவை நடுத்தரமாக மிதித்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க்கில் சீரான சாம்பல் நிறப் படலம் தெரிந்தால் பேட் செட் ஆகிவிட்டது. பேட் தடிமன் பாதிக்குக் கீழே போனதும் ட்ராக்குக்கு வேண்டாம். பேட் மெலிந்தால் சூடு ஆயிலுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். மிச்சத்தை ஊருக்குள் ஓட்டித் தீர்த்துக்கொள்ளலாம்.

ஸ்விஃப்டில் பின்னால் ட்ரம். டிஸ்க்காக மாற்றித் தருகிறேன் என்கிறார் ஒரு கடைக்காரர். (திருப்பூர்)

அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குங்கள். மிதிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. இந்த மாதிரி முன்சக்கர இழுவைக் காரில் பின் பிரேக் செய்வது சின்னப் பங்கு, அதற்கு ட்ரம் தாராளம். டிஸ்க்காக மாற்றினால் காலிப்பர் பிஸ்டன் அளவு, மாஸ்டர் சிலிண்டர், ஹேண்ட்பிரேக் கேபிள், ஏபிஎஸ் கணக்கு எல்லாம் கலையும். பின் சக்கரம் முன்னதுக்கு முன்பே லாக் ஆனால் வளைவில் கார் சுழலும். ட்ரம்மைத் திறந்து ஷூவைச் சுத்தம் செய்து, அட்ஜஸ்ட்மென்ட் சரியாக வைத்தாலே பெடல் மேலே வந்துவிடும்.

நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். துளை போட்ட டிஸ்க், ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ் இரண்டும் போடலாமா? (கோவை)

துளை டிஸ்க் பார்க்க அழகு. ட்ராக்கில் அந்தத் துளை ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். சாதா வென்டிலேட்டட் டிஸ்க்கே போதும், ஆசை விடவில்லை என்றால் கோடு வெட்டிய டிஸ்க். ரப்பர் ஹோஸுக்குப் பதில் ஸ்டீல் பின்னிய ஹோஸ் போட்டால் பெடல் கிண்ணென்று இருக்கும், நிற்கும் தூரம் குறையாது. ரப்பர் ஹோஸ் பழசாகி வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுங்கள்.

பட்ஜெட் கையில் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். முதல் லேப்பில், பிரேக் சூடேறும் முன், ஓங்கி மிதித்தால் ஏபிஎஸ் துடிக்கிறதா? துடித்தால் டயர் தாங்குகிற அளவைவிட அதிகமாகவே உங்கள் பிரேக் பிடிக்கிறது. இதற்கு மேல் பெரிய காலிப்பர் போட்டாலும் அந்த முதல் மிதியில் கார் ஓர் அடி முன்னால் நிற்காது. பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் இரும்பு மட்டுமே. ஆயில், பேட், டயர் மூன்றையும் சரிசெய்த பிறகும் அரை மணி நேரம் விடாமல் ஓட்டிச் சூட்டில் மாட்டிக்கொள்பவருக்குத்தான் அது தேவை. அவருக்கும் பம்பரிலிருந்து டிஸ்க் நடுவுக்குக் காற்றுக் குழாய் இழுப்பது முதலில் செய்ய வேண்டிய மலிவான வேலை.

ட்ராக் முடிந்து திரும்பும்போது, ஈசிஆரில் 90-ல் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்றணும் என்கிறது சர்வீஸ் சென்டர். (புதுச்சேரி)

வளைந்திருக்க வாய்ப்பு குறைவு. கடைசி லேப்பை வேகமாக முடித்து, அப்படியே பிட்டில் நிறுத்தி, பெடலில் காலை வைத்துக்கொண்டே நண்பரோடு பேசியிருப்பீர்கள். கொதிக்கிற பேட் ஒரே இடத்தில் அழுந்தி, தன் பொருளை டிஸ்க்கில் திட்டாக ஒட்டிவிட்டுப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் பேட் அந்தத் திட்டில் ஏறி இறங்குவதுதான் உதறல். மேலே சொன்ன மாதிரி மறுபடி பேட் செட் செய்து பாருங்கள், லேசான திட்டு போய்விடும். போகாவிட்டால் லேத்தில் கொடுத்து ஒரு மெல்லிய சீவல். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாமல் இருந்தால் சரி.

இனிமேல் கடைசி லேப்பில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

இஎஸ்சி-யை (கார் வழுக்கி விலகாமல் காக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு) ஆஃப் செய்தால் பிரேக் சூடு குறையுமா? (திருச்சி)

குறையும். வளைவில் கார் விலகும்போதெல்லாம் அது தானாக ஒரு சக்கரத்தைப் பிடிக்கிறது. ஆனாலும் ட்ராக்குக்குப் புதியவர் என்றால் ஆன்லேயே இருக்கட்டும்.

ட்ராக்கில் பிரேக் போய் டயர் சுவரில் இடித்தால் இன்ஷூரன்ஸ் வருமா? (சென்னை)

வரும் என்று நம்பி ஓட்டாதீர்கள். நம் ஊர்த் தனியார் கார் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றை அது விலக்குகிறது. "நான் ரேஸ் ஓட்டவில்லை, ட்ராக் டே தானே" என்று வாதாடலாம், முடிவு இன்ஷூரன்ஸ் கம்பெனி கையில். பிரேக்கில் செய்த மாற்றங்களைக் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் விட்டிருந்தால், சாலையில் நடந்த விபத்துக்கே கேள்வி வரலாம். ஆயிலும் பேட்டும் தேய்மானப் பொருள், அதில் சிக்கல் இல்லை. காலிப்பரையும் டிஸ்க் அளவையும் மாற்றுவதாக இருந்தால் எழுத்தில் தெரிவித்து, அவர்களின் பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.