சேத்த எதுக்கு அளக்கறாங்க?

கேள்வி: என் தங்கச்சி பொண்ணு கடல் உயிரியல் படிக்கிறா. அலையாத்திக் காட்டுல பலகை மேல குப்புற படுத்துக்கிட்டு, சேத்துல ஊசி ஊசியா வச்சு அளக்குற மாதிரி போட்டோ அனுப்பியிருக்கா. கடல் மட்டம் ஏறுதாம். அப்ப கடலத்தானுங்களே அளக்கணும்? அந்த பலகை வேற எதுக்கு?
- ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: கடலையும் அளக்கறாங்கக்கா, அதுக்கு துறைமுகத்துல தனி கருவி இருக்கு. 2006லிருந்து 2018 வரைக்கும் உலக சராசரி வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர், அதாவது பத்து வருஷத்துல ரெண்டு விரக்கடை. ஆனா அலையாத்திக் காடு சும்மா நின்னு முழுகற சாமான் இல்ல, ஆத்துல வர்ற வண்டல புடிச்சு வச்சுக்கும், மண்ணுக்குள்ள வேர் விடும், அதால தரையும் ஒசந்துக்கிட்டே வரும். கடல் ஏறுற வேகத்துக்கு தரையும் ஏறுனா காடு பொழைக்கும். இல்லாட்டி உள்பக்கமா நகரணும், அங்க ரோடும் இறால் பண்ணையும் இருந்தா எங்க போகும்?

அதுக்குத்தான் துருப்புடிக்காத கம்பிய இனி இறங்காதுங்கற வரைக்கும் சேத்துக்குள்ள அடிச்சு வச்சிருவாங்க. ஒவ்வொரு தடவையும் அதுல ஒரு கை மாதிரி கருவிய மாட்டி, 9 ஊசிய இறக்கி, நாலு திசைக்கும் திருப்பி 36 அளவு எடுப்பாங்க. கம்பி அசையாததால, தரை ஒசந்துச்சா இறங்குச்சான்னு ஊசி காட்டிரும். பக்கத்துலயே வெள்ளப் பவுடர தூவி வப்பாங்க (நம்மூரு வெள்ளக்கல்லு இல்லீங்க, இது ஃபெல்ட்ஸ்பார், பீங்கானுக்கு போடறது). ஒரு வருஷம் கழிச்சு கேக் மாதிரி வெட்டிப் பாத்தா வெள்ளக் கோட்டுக்கு மேல எவ்வளவு சேறு படிஞ்சுதுன்னு தெரியும். கோட்டுக்கு மேல 5 மில்லிமீட்டர் இருக்கு, ஊசிக் கணக்குல 2 தான் ஒசந்திருக்குன்னா, அடியில வேர் மக்கியோ மண்ணு அமுங்கியோ 3 போயிருச்சுன்னு அர்த்தம். வெறும் படிவ பாத்து சந்தோசப்பட்டா ஏமாந்தோம். மழைக்காலத்துக்கு ஒண்ணு கோடைக்கு ஒண்ணுன்னு மாறும், அதனால பல வருஷம் அளக்கணும்.

வண்டல் கதையில நமக்கும் பங்கு இருக்குக்கா. 1934ல கட்டி முடிச்ச மேட்டூர் அணை நம்ம மாவட்டத்துலதான, 120 அடி ரொம்புச்சான்னு டிவில பாப்போம், தண்ணியோட மண்ணும் அங்கயே தங்கிடுதேன்னு யாரும் பேச மாட்டோம். பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கறது வெள்ளாத்துக்கும், காவேரியோட கிளையான கொள்ளிடத்துக்கும் நடுவுல, அதுக்கு தீனியே ஆத்து மண்ணுதான். சேர்வராயன் மலை மண்ணு திருமணிமுத்தாறு வழியா அணைக்குக் கீழ காவேரில சேருது, சாக்கடையோட சேத்துத்தான்.

பலகை சொகுசுக்கு இல்லீங்க. மில்லிமீட்டர அளக்கற எடத்துல ஒரு காலடி பட்டாலே சேறு அமுங்கிரும், வருஷக்கணக்கா எடுத்த அளவு வீணாயிரும். அதான் படுத்துக்கிட்டே அளக்குறா.