லீவர் ஹேண்டில்பார் வரை போகிறதா? பிரேக் செட்டை மாற்ற அவசரம் வேண்டாம்

கேள்வி: ஷிமானோ ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள ரோடு பைக் சைக்கிளை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முன் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டில்பாரைத் தொடுகிறது. நாலு தடவை பம்ப் பண்ணினால் பிடிக்கிறது. கடையில் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஒருவர், மோட்டார் வண்டிகளுக்கான டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றினால் போதும் என்கிறார். எதைச் செய்வது? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: இரண்டுமே வேண்டாம். பம்ப் பண்ணினால் இறுகுகிறது என்றால் பிரேக் ஆயில் ஓடும் லைனில் காற்று இருக்கிறது. பிளீட் செய்தால், அதாவது புது ஆயிலை ஏற்றிக் காற்றை வெளியேற்றினால், போய்விடும். டாட் ஆயிலை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். ஷிமானோவின் சீல்கள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) மினரல் ஆயிலுக்கானவை. டாட் பட்டால் உப்பிக் கெட்டுவிடும். பிறகு கடைக்காரர் சொன்ன செலவு நிஜமாகவே வந்து நிற்கும்.

முதலில் லீவரை இறுகும்வரை பம்ப் பண்ணி, ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு. ஹோஸ் இணைப்பில் ஈரம் இருந்தால் அங்குள்ள ஆலிவ், இன்சர்ட் என்ற சிறு உலோகத் துண்டுகளை மாற்றினால் போதும். காலிப்பரில் (சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) பிரேக் பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றிக் கசிந்தால் காலிப்பரை மாற்ற வேண்டும். அப்போதும் முழு செட் தேவையில்லை.

வாங்க வேண்டியவை: ஷிமானோ மினரல் ஆயில் 100 மில்லி (ஒரு லிட்டர் டின் வீண் செலவு), லீவருக்கான பிளீட் ஃபனல், டியூபோடு சிரிஞ்ச், பிளீட் பிளாக் (பேடு இருந்த இடத்தில் செருகும் கட்டை), ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். காலிப்பர் நிப்பிளுக்கு (ஆயில் ஏற்றும் வாய்) மாடலைப் பொறுத்து 7 மி.மீ. ஸ்பேனர் அல்லது 3 மி.மீ. ஆலன் கீ.

சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றி அடுத்த அறையில் வையுங்கள். ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் பேடு போச்சு; தீயில் காட்டுவது, உப்புத்தாள் போடுவதெல்லாம் நம்பத்தக்க வைத்தியம் இல்லை. எண்ணூர் பக்கம் லாரி கிளப்பும் புழுதி பிஸ்டனில் ஒட்டியிருக்கும். ஆல்கஹாலில் துடைக்காமல் உள்ளே தள்ளினால் அழுக்கு சீலைக் கீறிவிடும். துடைத்து, தள்ளி, பிளாக்கைச் செருகுங்கள்.

லீவரின் பிளீட் திருகைக் கழற்றி (ஓ-ரிங் தொலையாமல்) ஃபனலை மாட்டுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறந்து, சிரிஞ்சால் கீழிருந்து ஆயிலை ஏற்றுங்கள். ஃபனலில் குமிழி நின்றதும் நிப்பிளை மூடிவிட்டு சிரிஞ்சைக் கழற்றுங்கள். பிறகு லீவரை மெதுவாக அமுக்கி விடுங்கள், ஹோஸைத் தட்டுங்கள், பைக்கை முன்னும் பின்னும் சாய்த்து மறுபடி அமுக்குங்கள். பலர் அவசரப்படுவது இங்கேதான். மூலையில் ஒளிந்த காற்று சாய்த்தால்தான் மேலே வரும். ஃபனலில் ஆயில் தீர்ந்தால் காற்று மறுபடி உள்ளே போகும்.

சிந்திய ஆயிலை ஆல்கஹாலில் துடைத்த பிறகே பேடு மாட்டுங்கள். பேடின் உராய்வுப் பகுதி 0.5 மி.மீ.க்குக் குறைந்தால் புதிது வாங்குங்கள். ரோட்டரில் (பிரேக் டிஸ்க் தட்டு) ‘ரெசின் பேடு மட்டும்’ என்று பொறித்திருந்தால் மெட்டல் பேடு வேண்டாம். ரோட்டர் உரசினால் காலிப்பர் போல்ட் இரண்டையும் தளர்த்தி, லீவரை அழுத்தியபடியே 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு இறுக்குங்கள்.

வேலையைக் கடையில் கொடுத்தால், ஊற்றிய ஆயிலின் பெயரை பில்லில் எழுதி வாங்குங்கள். சீல் பிறகு கெட்டால் கேட்க அதுதான் ஆதாரம்.