கணக்கு வாத்தியார் பதில்கள்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. ஆரம் 7 செ.மீ., உயரம் 10 செ.மீ. உள்ள உருளையின் கன அளவு கேட்டிருந்தார்கள். சூத்திரம் சரியாக எழுதி, எண்களையும் போட்டுவிட்டு, 7-ன் வர்க்கம் 14 என்று எழுதிவிட்டாள். விடை 440 கன செ.மீ. ஐந்துக்குப் பூஜ்யம். நியாயமா?

பதில்: இல்லை. நான் திருத்தினால் 4 போடுவேன். சூத்திரத்துக்கு 1, எண்களைப் போட்டதற்கு 1, அடிப்பரப்புக்கு 1, கன அளவுக்கு 1, அலகுக்கு 1 என்று பிரித்துக்கொள்வேன். அடிப்பரப்பு 154 வரவேண்டிய இடத்தில் 44 வந்திருக்கிறது. அந்த ஒன்று போச்சு. அப்புறம் 44-ஐ 10-ஆல் சரியாகத்தானே பெருக்கியிருக்கிறாள்? ஒரே தப்புக்கு இரண்டு தரம் தண்டனை எதற்கு?

ஒரு வேடிக்கை பாருங்கள். 44 என்பது அந்த வட்டத்தின் சுற்றளவு. அவசரமாகத் திருத்துகிறவர் "பரப்புக்குப் பதில் சுற்றளவு போட்டிருக்கிறாள், சூத்திரமே தெரியவில்லை" என்று முழுசாக அடித்திருக்கலாம். முதல் வரியைப் படித்திருந்தால் சங்கதி புரிந்திருக்கும்.

நானும் ஆரம்பத்தில் கடைசி வரியை மட்டும் பார்த்து அடித்தவன்தான். பிறகு, எல்லாத் தாள்களிலும் முதல் கேள்வி, அப்புறம் எல்லாவற்றிலும் இரண்டாவது என்று திருத்த ஆரம்பித்தேன். முப்பதாவது தாளிலும் அதே அளவுகோல் நிற்கும்.

தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் பாருங்கள். "மார்க் கொடுங்கள்" என்று ஆரம்பிக்காமல், "எந்த வரிக்கு எவ்வளவு சார்?" என்று கேளுங்கள்.