கடலோரக் காவல்படை ராணுவமா, சிவில் வேலையா? பிளஸ் டூ முடித்த மகனின் தாய்க்கு

அன்புள்ள அம்மா,

மகன் கணக்கு, இயற்பியல் எடுத்து பிளஸ் டூ தேறிவிட்டான், இந்திய கடலோரக் காவல்படைதான் வேண்டும் என்று நிற்கிறான் என எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர் ஒருவர் "அது கடல் போலீஸ், நேவிதான் ராணுவம்" என்கிறார். இன்னொருவர் "சண்டை வந்தால் நேவியோடு அனுப்பிவிடுவார்கள்" என்கிறார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. இந்தப் படையை யார் நடத்துகிறார்கள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. கட்டளை, ஒழுங்கு, ஓய்வூதியம் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கரையோர ஊர்களில் படகில் ரோந்து போகும் தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் வேறு. அது மாநில போலீஸ். உங்கள் மகன் கேட்பது மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் நிலையம் வைத்திருக்கும் மத்திய அரசின் படை. இரண்டுக்கும் தேர்வு, சம்பளம், விதிகள் எல்லாமே வேறு.

1970களில் கடத்தலைத் தடுக்கச் சுங்கத்துறையிடம் போதிய படகுகள் இல்லை. போருக்குக் கட்டிய கப்பல்களைக் கள்ளக்கடத்தல் படகுகளின் பின்னால் ஓட்டுவதும் கடற்படைக்குக் கட்டுப்படியாகாது. இதை ஆராய 1974-ல் காவல்துறை அதிகாரி கே.எஃப். ருஸ்தம்ஜி தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1976-ல் வந்த சட்டம் 200 கடல் மைல் வரையிலான பொருளாதார மண்டலத்தை நாட்டின் உரிமையாக்கியது. காவல் காக்க வேண்டிய பரப்பு பெருகியது. 1977 பிப்ரவரி 1 அன்று, கடற்படை கொடுத்த இரண்டு ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல்களோடும் ஐந்து ரோந்துப் படகுகளோடும் படை இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கியது. 1978 ஆகஸ்டில் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இதை 'ஒன்றியத்தின் ஆயுதப்படை' என்றே சொல்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வைக்கப்பட்ட படை இது. ஆனால் அன்றாடம் செய்வது கடத்தல் தடுப்பு, மீனவர் மீட்பு, எண்ணெய்க் கசிவு அகற்றுதல் போன்ற சிவில் பணிகள்.

2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அதிகாரக் கோடு மறுபடி நகர்ந்தது. 2009 பிப்ரவரியில் கடல் பாதுகாப்பு முழுவதற்கும் பொறுப்பு கடற்படை என்று அரசு அறிவித்தது. 12 கடல் மைல் வரையிலான கரையோரப் பாதுகாப்பு, மாநிலப் போலீஸ் ரோந்து போகும் பகுதி உட்பட, கடலோரக் காவல்படையிடம் வந்தது. போர் மூண்டால் இந்தப் படையின் கப்பல்களும் விமானங்களும் கடற்படையோடு சேர்ந்து அதன் திட்டப்படி இயங்கும். ஆக, ஆபத்தில்லாத வேலை என்று நினைத்து அனுப்பாதீர்கள். சீருடையும் ஆயுதமும் உள்ள பணி இது.

அமெரிக்காவில் இந்த மாற்றம் இன்னும் வெளிப்படையாக நடக்கும். அங்கே கடலோரக் காவல்படை அமைதிக் காலத்தில் சிவில் துறையின் கீழ். போர்க்காலத்தில் கடற்படைக்கு மாற்றச் சட்டமே இடம் தருகிறது. 1917-லும் 1941 நவம்பரிலும் அப்படி மாற்றினார்கள். 1919-லும் 1946-லும் நிதித்துறைக்குத் திரும்பியது. 1967-ல் போக்குவரத்துத் துறைக்கும், 2003-ல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போனது. 2019 ஜனவரியில் அரசு நிதி முடங்கியபோது, பாதுகாப்புத் துறையில் இருந்த மற்றப் படைகளுக்குச் சம்பளம் வந்தது, இவர்களுக்கு மட்டும் ஒரு சம்பள நாள் தவறிப்போனது. எந்தத் துறையின் கணக்கில் இருக்கிறோம் என்பது வீட்டுச் செலவு வரை வந்து நிற்கிறது.

நம் நாட்டில் அது ஓய்வூதியத்தில் தெரிகிறது. நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். 2004-க்குப் பின் சேர்ந்த ராணுவ, கடற்படை, விமானப்படை வீரர்களுக்குச் சம்பளத்தில் பிடிக்காமல் அரசே தரும் பழைய ஓய்வூதியம் தொடர்ந்தது. கடலோரக் காவல்படையினர் மற்ற மத்திய அரசு ஊழியர்களைப் போலத் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து அதில் 10 சதவீதம் பிடிப்பார்கள், அரசு 14 சதவீதம் போடும். 'முன்னாள் படைவீரர்' என்ற வரையறையிலும் முப்படைகள்தான் உண்டு. அந்த இடஒதுக்கீட்டை நம்பி ஓய்வுக்குப் பிந்தைய வேலையைத் திட்டமிடாதீர்கள். பணி சார்ந்த வழக்கு என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் கிடையாது, உயர் நீதிமன்றம்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2022 முதல் கடற்படையில் மாலுமியாகச் சேர்வது அக்னிபத் வழியில்தான்: நான்கு ஆண்டு, அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்கே நிரந்தரம், மற்றவர்களுக்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. கடலோரக் காவல்படை அக்னிபத்தில் இல்லை; இங்கே மாலுமி நிலைப் பணிக்கு 'நாவிக்' என்று பெயர், அது வழக்கமான நியமனம். பிளஸ் டூ முடித்துவிட்டு நீண்ட பணியைத் தேடும் பையனுக்கு இது பெரிய வேறுபாடு. என் கணிப்பில், ஓய்வூதியக் குறையையும் மீறி உங்கள் மகன் கேட்பது நல்ல தேர்வு.

அவனுக்குப் பொருந்துவது நாவிக் பொதுப்பணி. வயது 18 முதல் 22. ஓபிசிக்கு 3 ஆண்டும், எஸ்சி, எஸ்டிக்கு 5 ஆண்டும் தளர்வு. அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், படிகள் தனி. கணினித் தேர்வு இரு பகுதி: பத்தாம் வகுப்புத் தரத்தில் 60 கேள்வி, 45 நிமிடம், பிளஸ் டூ கணக்கு, இயற்பியலில் 50 கேள்வி, 30 நிமிடம். தேற முதல் பகுதியில் 30, இரண்டாவதில் 20 வேண்டும். எஸ்சி, எஸ்டிக்கு 27, 17. தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எனவே ஒரு கேள்வியையும் விடக் கூடாது. பள்ளியில் விரிவாக எழுதிப் பழகிய பிள்ளைகள் இரண்டாம் பகுதியில்தான் நேரம் போதாமல் தவிக்கிறார்கள். கடிகாரம் வைத்துப் பயிற்சி எடுக்கச் சொல்லுங்கள்.

உடல்தகுதியில் 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓடி, இடைவெளியில்லாமல் 20 முறை உட்கார்ந்து எழுந்திருத்தல், 10 தண்டால். ஓட்டத்தை மட்டும் பழகிவிட்டுப் போகிறவர்கள் தண்டாலில் கை நடுங்கி நிற்கிறார்கள். மூன்றையும் தொடர்ச்சியாகவே பழக வேண்டும். பார்வை கண்ணாடி இல்லாமல் ஒரு கண் 6/6, மறு கண் 6/9. விண்ணப்பிக்கும் முன்பே கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காது அழுக்கு, பல் கறை இரண்டையும் மருத்துவப் பரிசோதனைக்கு முன் சுத்தம் செய்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதிகம் இடறுவது சான்றிதழில்தான். இங்கே தரும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மத்தியப் படைக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி, வசதியான பிரிவினர் அல்ல என்ற சான்றிதழ் வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை. அதை முதலில் பாருங்கள். இருந்தால் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். அறிவிப்பு வந்தபின் ஓடினால் தாசில்தார் கையெழுத்துக்கு நாள் போதாது. பெயரும் அப்படித்தான். மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்து முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று இருந்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்திவிட்டுப் பிறகு விண்ணப்பத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.